குரலுக்கு இறங்கும் தராசு

தீபாவளி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆட்டுக்கறி கிலோ ஆயிரத்து இருநூறு என்று செங்கோடன் கடைப் பலகையில் சாக்பீசால் எழுதியிருந்த அன்று, எங்கள் பாவடித் தெரு நல்லம்மாக்கா தூக்குப்போசியும் கையுமாக வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், முந்நூறு ரூபாய்க்கு என்ன வரும் என்று கேட்டாள்.

"வாலும் நாலு எலும்பும் வருமுங்க்கா."

"வாலா? ஏன், வெட்டறப்ப அது கத்துச்சே, அந்தச் சத்தத்தையும் பொட்டலங் கட்டிக் குடேன்."

"அதுக்குத் தனி ரேட்டுங்க்கா."

வரிசை சிரித்தது. நல்லம்மாக்கா சிரிக்கவில்லை. தலைதீபாவளிக்கு வந்த மருமகன் இன்னும் ஊருக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து டிவி ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருந்தான். "ஒறம்பரைக்கு வாலையா போடுவாங்க? காசுக்கு நான் எங்கடா போவேன்? என்ற ஒடம்புல இருந்து ஒரு கிலோவ எடுத்துக்கிட்டு ஒரு கிலோ கறியப் போடு" என்றாள். செங்கோடன் விளையாட்டுக்கு ஒரு துண்டை வெட்டித் தராசின் ஒரு தட்டில் வைத்தான். எடைக்கல் வைக்காத மற்றத் தட்டு தானாகக் கீழே இறங்கி, முள் நேராக நின்றது. நல்லம்மாக்காவின் ரவிக்கை தோளில் தளர்ந்தது, கை வளையல் மணிக்கட்டைத் தாண்டிச் சறுக்கியது, ரத்தமும் வரவில்லை, வலியும் இல்லை. அவள் தட்டைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், பிறகு சொன்னாள்:

"எலும்பு எச்சா இருக்குது, மாத்திப் போடு."

அடுத்த ஞாயிறு வரிசையில் பணப்பை கொண்டுவந்தவர் யாரும் இல்லை.

தராசு ஏன் இப்படிச் செய்தது என்று எங்கள் தெரு ஒரு நாள்கூட உட்கார்ந்து யோசிக்கவில்லை. சிலிண்டர் விலை ஏன் ஏறியது, கரண்ட் ஏன் போனது, கூலி ஏன் ஏறவில்லை என்றெல்லாம் யோசித்து விடை கண்டவர் யாரும் இல்லாத தெருவில் தராசுக்கு மட்டும் தனியாக என்ன யோசனை. கோயிலில் பிள்ளையைத் தராசில் உட்காரவைத்து எடைக்கு எடை வெல்லம் கொடுக்கிற ஜனம்தானே, சாமிக்குக் கொடுப்பதைச் சம்மந்திக்குக் கொடுத்தால் என்ன என்றார்கள். வாரம் முழுக்க ரேசன் அரிசியைக் குழையக் குழைய வடித்துத் தின்று ஒரு கிலோ ஏற்றுவது, ஞாயிற்றுக்கிழமை அதைக் கறியாக இறக்குவது என்று ஒரு கணக்கு உண்டானது. பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணுக்குப் பாட்டு வருமா, சமையல் வருமா என்பதோடு எத்தனை கிலோ என்றும் கேட்டுக்கொண்டார்கள். ஒல்லியாக இருந்தவர்கள் ஏழைகள் என்று முன்னாடியும் சொல்லிக்கொண்டிருந்தோம்; இப்போது அதை வெட்கமில்லாமல் சொன்னோம். எடை அளவு பார்க்கிற ஆபீசர் ஒருத்தர் ஜீப்பில் வந்தார், தராசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முத்திரை சரியாகத்தான் இருக்கிறது என்று மூக்கால் பேசினார், "அப்படியே நமக்கும் ஒரு ரெண்டு கிலோ பார்ஸல் பண்ணுப்பா" என்று அதே மூக்கால் சொன்னார், பேண்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மாரியம்மன் கோயில் கூட்டத்தில் ஒரே ஒரு கட்டுப்பாடு போட்டார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளைகள் உடம்பில் கை வைக்கக் கூடாது, மாசமாக இருக்கிற பெண்கள் உடம்பில் கை வைக்கக் கூடாது. மற்றபடி அவரவர் சதை அவரவர் பாடு.

செங்கோடனுக்குத்தான் யோகம். அவன் தீபாவளிக்கு உரித்துத் தொங்கவிட்ட ஒரே ஆடு பொங்கல் வரைக்கும் கொக்கியில் தொங்கியது. வெட்ட வெட்ட, எங்களிடமிருந்து இறங்கிய எடை அதன் தொடையிலும் நெஞ்சிலும் ஏறிக்கொண்டது. இதையும் தெரு பார்த்தது, பார்த்துவிட்டுக் குழம்பு வைத்தது.

"இந்த வாரக் கறியில வெத்தல வாசம் அடிக்குதே."

"போன வாரம் நல்லம்மா எறக்குனாள்ல, அதுவா இருக்கும். மொளகு கொஞ்சம் தூக்கலாப் போடு, தெரியாது."

எங்கள் வீட்டில் நாலு பேர். அப்பா தறி ஓட்டி ஓட்டிக் காது போனவர், நாம் கத்திச் சொன்னால் பாதி கேட்டு மீதியைத் தானாகச் சேர்த்துக்கொள்வார். அம்மா தங்காயி, தறி நாடாவுக்குள் வைக்கிற சின்னச் சின்னக் குச்சிகளுக்கு நூல் சுற்றுகிற தார் வேலைக்கு, தறி ஓனர் அத்தியப்பன் பட்டறைக்குப் போகிறவள். அக்கா பிரவீணா. அப்புறம் நான், தர்ஷினி, பதினாறு வயது.

கறி அறுநூறாக இருந்தபோது அம்மா அரைக்கிலோ எடுத்தாள். எண்ணூறானபோது கால் கிலோ எடுத்து உருளைக்கிழங்கைக் கறி மாதிரியே வெட்டிப்போட்டாள். ஆயிரமானபோது குடல், அது விலை ஏறியதும் ரத்தப் பொரியல், அதற்கும் வரிசை நின்றதும் மீல்மேக்கரை ஆட்டு எலும்போடு வேகவைத்து, அப்பாவிடம் "ஈரலுங்க, மெல்லுங்க" என்று கத்தினாள். அப்பா மென்றார். இத்தனை வித்தையிலும் ஒரு துண்டு கறிகூட அம்மாவின் தட்டுக்கு வந்ததை நான் பார்த்ததில்லை. கேட்டால், "எனக்குச் சூடு, ஆகாது" என்பாள்.

அந்தக் கார்த்திகையில் பிரவீணாவுக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை வீடு எடப்பாடிப் பக்கம். சம்மந்தி லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவர், பீடி மணக்கிற, உடம்பில் வேண்டாத சதை என்று ஒன்று இல்லாத மனிதர். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளை வீட்டார் எந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லாமல் வந்து நிற்கலாம். வந்தால் கறி எடுக்க வேண்டும். வெறும் சாம்பார் ஊற்றி அனுப்பினால், "கறி எடுக்காமத் தாட்டிவுட்டுட்டாங்க" என்ற ஒரு வார்த்தை அவர்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும், அந்த ஒரு வார்த்தையில் நின்றுபோன கல்யாணங்களின் பெண்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் தார் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறுதோறும் வீட்டில் கறி இருந்தாக வேண்டும்.

"நான் போயி என்ற ஒடம்புல எறக்கிட்டு வாறன்" என்றாள் அம்மா. ஆனால் ஞாயிறு அவளுக்குக் காலையிலிருந்து இரண்டு மணி வரை பட்டறை. செங்கோடன் கடை வரிசை பத்து மணிக்கு முடிந்துவிடும். நான் போனேன்.

செங்கோடனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவன் வெட்டுகிறபோது நிமிர்ந்து பார்க்க மாட்டான். நிமிர்ந்த இரண்டு தடவையில் இரண்டு விரல் நுனி போயிருந்தது. கடைக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் தறிப் பட்டறைகள், டடக் டடக் என்று நாள் முழுக்க இடி. அதற்கு மேல் எழும்புகிற குரலை வைத்துத்தான் யார், எந்த வீடு, எலும்பா தொடையா என்று தீர்மானிப்பான். முப்பது வருசமாக அந்தக் கடை ஆளைப் பார்த்து நிறுத்ததில்லை, குரலைக் கேட்டுத்தான் நிறுத்தது. தராசும் அவன் பக்கத்திலேயே தொங்கிப் பழகினதுதான்.

எனக்குப் பதினெட்டு ஆகவில்லை, என் குரலில் கேட்டால் விரட்டிவிடுவான். தவிரவும் சின்னப் பிள்ளைகளுக்கு அவன் சவ்வாகப் பார்த்துக் கட்டுவான். என் அம்மாவின் நாக்குக்கு மட்டும் பயந்து தொடைக்கறி போடுவான். என் முறை வந்ததும் தொண்டையைச் சரிசெய்துகொண்டு அம்மாவின் குரலை எடுத்து விட்டேன்.

"டேய் செங்கோடா, ஒண்ணரைக் கிலோ. சவ்வுகிவ்வு வந்துச்சு, அந்தக் கத்தியப் புடுங்கி உனக்கே காது குத்தி வுட்டுருவன்."

"ஐயோ அக்கா, உங்களுக்குப் போயிச் சவ்வு போடுவனா" என்றான் செங்கோடன், தலை நிமிராமல். தட்டு இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் குரலில் லீவு விட்டவள், பஸ்ஸில் கண்டக்டர் குரலில் விசில் இல்லாமலே வண்டியை நிறுத்தியவள் நான்; தெருவில் யார் குரலை எங்கே கேட்டாலும் முதலில் என் வாயைத்தான் பார்ப்பார்கள். கட்டுப்பாடு போட்ட பெரியவர்களே, "கொரலு தங்காயிது, ஒடம்பு இவளுது, நமக்கென்ன வந்துச்சு" என்று விட்டுவிட்டார்கள். எனக்கு வலிக்கவே இல்லை. எல்லோரும் சொன்னது சரிதான், வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்தபோது கன்னத்தில் ஒன்று விட்டாள். பிறகு பட்டறைக்கு இழுத்துப்போய் நூல் மூட்டை நிறுக்கிற மெஷினில் என்னை ஏற்றினாள். ஐம்பத்து நாலு கிலோ. அடுத்த வாரமும் ஏற்றினாள். ஐம்பத்து நாலு. அதற்கடுத்த வாரமும்.

"வளர்ற ஒடம்பு தங்காயி, வுட்டது வெளைஞ்சுக்குது" என்றாள் நல்லம்மாக்கா. அம்மா என் தலையைத் தடவினாள். அன்றைக்குச் சம்மந்தி வந்திருந்தார், மாப்பிள்ளையின் சித்தப்பாவும் வந்திருந்தார். தொடைக்கறி வறுவலைப் பார்த்து, "ஏனுங் சம்மந்தி, இவ்வளவெல்லாம் எதுக்குங்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவையும் தட்டை நீட்டினார்கள்.

பதினோரு ஞாயிறு இப்படிப் போனது. அம்மா இளைத்தாள். பட்டறைப் பஞ்சு நெஞ்சில் சேர்ந்துவிட்டது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சளி எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். கல்யாணக் கவலை என்றார்கள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது, அதை நூலால் கட்டிக்கொண்டாள். தாலிக்கயிறு கழுத்தில் நிற்காமல் தோளில் வழிந்தது. "ஏம்மா இப்படி ஆயிட்ட" என்று பிரவீணா கேட்டால், "உன்ற கல்யாணத்துக்குப் புது ரவிக்கைக்குத் துணி கம்மியாப் போதும் பாரு" என்பாள்.

பன்னிரண்டாம் ஞாயிறு, மாசி பிறந்த புதிதில், எனக்கு வரிசையில் நின்று சலித்துப் போயிருந்தது. முன்னாலும் பின்னாலும் சிரிக்க ஆள் இருந்தார்கள். கறி எடுப்பதற்கு முன்னால் சும்மா ஒரு கூத்து அடிக்கலாமே என்று தறி ஓனர் அத்தியப்பன் குரலை எடுத்தேன். தொப்பைக்குள்ளிருந்து உருண்டு வருகிற குரல், நடுநடுவே ஏப்பம்.

"அடேய் செங்கோடா… ஏவ்… மூணு கிலோ எடுத்து வையி. காசு கீசுன்னு ஊட்டுப் பக்கம் வந்தீன்னா… ஏவ்… கால ஒடிச்சுப் போடுவன்."

வரிசை வெடித்துச் சிரித்தது. செங்கோடன் மூன்று கிலோ வெட்டிப் போட்டான். தட்டு இறங்கியது. மூன்று கிலோ கறியையும் வரிசைக்கே பங்கு போட்டுக் கொடுத்தேன். அப்போது தெருக்கோடிக்குப் போயிருந்த நல்லம்மாக்கா ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள்.

"அய்யோ, கேளுங்கடி! டீக்கடை முன்னால ஓனரு நின்னு காபி குடிச்சுட்டு இருக்கறான், திடீர்னு வேட்டி அவுந்து காலடியில கெடக்குது! கையில டம்ளரு, குனியவும் முடியல, நிக்கவும் முடியல! மூணு கிலோ இருக்கும், ஒரே மூச்சுல எறங்குனாப்ல தொப்பை உள்ள போயிருச்சு. நின்ன நெலைக்கே, தராசு கிட்டக் கூட வராம!"

எல்லோரையும் விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், நின்ன நிலைக்கே, தராசு கிட்டக் கூட வராமல், என்று நல்லம்மாக்கா குரலிலேயே இன்னொரு தடவை சொல்லிப்பார்த்துச் சிரித்தேன், சொல்லி முடிக்கும்போது எனக்கு மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது.

பட்டறைக்கு ஓடினேன். அம்மா தார் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளை ஒரு கையால் தூக்க முடிந்தது. நூல் மெஷினில் ஏற்றினேன். முப்பத்திரண்டரை. நிச்சயத்தன்று நாற்பத்தொன்பது. நடுவில் இருக்கிற பதினாறரைக் கிலோவையும் நான் அவள் குரலில், அவளுடைய திட்டோடு, சிரிக்கச் சிரிக்கக் கேட்டு வாங்கி, தெருவே பார்க்கத் தூக்குப்போசியில் எடுத்துவந்து அவளிடமே கொடுத்திருந்தேன், அவள் அதை வறுத்து எங்களுக்குப் போட்டிருந்தாள்.

சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை. தார் மெஷினை நிறுத்திவிட்டு என் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"உன்றது ஒண்ணும் எறங்கலியே?"

"இல்லம்மா."

"அது போதும் போ."

தெருவுக்கு விசயம் தெரிந்ததும் அதற்கு வந்தது துக்கம் இல்லை, பசி. அடுத்த ஞாயிறு இருபது பேர் போசியோடு எங்கள் வாசலில் நின்றார்கள். "ஓனரு கொரல எடு கண்ணு. அவன் நூத்திப் பத்துக் கிலோ இருக்கறான், ஆருக்கு வேணும் அவ்வளவு?" நானும் எடுத்தேன். எடுக்கும்போது சந்தோசமாகத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் அத்தியப்பன் எழுபது கிலோ ஆனான். மறுநாள் திங்கட்கிழமை பட்டறைக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது: ஓனர் உடம்பில் குறைகிற ஒவ்வொரு கிலோவுக்கும் எல்லோருக்கும் ஒரு நாள் கூலி பிடிக்கப்படும். அதே இருபது பேர் அதே வாசலில் வந்து நின்றார்கள். "இனி அவன் கொரலு உன்ற வாயில வந்துச்சு, பல்ல ஒடச்சுப் போடுவம்" என்றார்கள்.

அந்த வாரக் கடைசியில்தான் சம்மந்தி விருந்து. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு மொத்தச் சொந்தத்துக்கும் பெண் வீட்டில் போடுகிற கறிச்சோறு. குறைந்தது எட்டுக் கிலோ எடுத்தால்தான் மானம் நிற்கும். அப்பாவிடம் இருந்த காசுக்கு ஒன்றரைக் கிலோ வரும். அப்பா தன் உடம்பைக் கொடுக்கிறேன் என்று போய் நின்றார். காது கேட்காத மனிதர் பேசுகிற பேச்சுக்கு ஒரே அளவு இல்லை, நாளுக்கு ஒரு மாதிரி ஏறும் இறங்கும், தராசுக்கு அவர் யார் என்று பிடிபடவில்லை, தட்டு ஆடிவிட்டு நின்றுபோனது. பிரவீணா போகிறேன் என்றாள். கல்யாணப் பெண் எட்டுக் கிலோ இளைத்து மணையில் உட்கார்ந்தால் அவர்கள் வேறு கேள்வி கேட்பார்கள் என்று அம்மா தடுத்துவிட்டாள்.

"நான் கேக்கறன்" என்றேன். "என்ற கொரல்லயே கேக்கறன். எனக்கு அம்பத்து நாலு கிலோ இருக்குது."

அம்மா வேண்டாம் என்று கத்தக் கத்த விருந்தன்று காலையில் வரிசையில் போய் நின்றேன். கட்டுப்பாடு பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. எதற்கும் அம்மாவை நூல் மெஷினில் ஏற்றி வைத்துக்கொண்டு போனில் இருக்கும்படி பிரவீணாவிடம் சொல்லியிருந்தேன். என் முறை வந்தது. யாரையும் எடுக்காமல், வாயைத் திறந்து, முதலில் சோதனைக்கு, "மாமா, நூறு கிராம்" என்றேன்.

தட்டு இறங்கியது.

"தர்சு, நிறுத்துடி!" என்று போனில் பிரவீணா அலறினாள். "அம்மாவுதுதான் கொறையுது!"

மறுபடியும் முயன்றேன், மெதுவாக, குரலை மாற்றி, இன்னும் சின்னதாக. தொண்டையிலிருந்து அக்கம்பக்கத்தார் குரல்கள்தான் வந்தன. வாயைத் திறக்கும்போதெல்லாம் வரிசையில் ஒருத்தர் தன் குரலைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அளவச் சொல்லாதடி, வாய மூடு!" என்று கத்தினார். எல்லோரையும் தள்ளிவிட்டு அடியில் தேடினால் அங்கே அம்மாதான் இருந்தாள். போனில் நான் பேசினால் அம்மா என்றும் அம்மா பேசினால் நான் என்றும் சொந்தக்காரர்கள் ஏமாறுவது எனக்குப் பெருமையாக இருந்த விசயம்.

மணி ஒன்பதரை. போன் மறுபடி அடித்தது. சம்மந்தி.

"கண்ணு, அப்பாகிட்டச் சொல்லிப்போடு. நாங்க பஸ் ஏறிட்டமுங். பெரியவிய சின்னவிய எல்லாஞ் சேந்து இருவத்திரெண்டு பேரு. அவசரமில்ல, பையப் பண்ணுங்." பீடி அடைத்த தொண்டை, கடைசி எழுத்தை மூக்கில் இழுத்து விடுகிற பேச்சு.

செங்கோடன் தலை நிமிராமல், "ஆரு அது, எவ்வளவு?" என்றான்.

என் வாய் சொன்னது: "எட்டுக் கிலோ போடுங், சாமி. பையப் பண்ணுங்."

தட்டு இறங்கியது. ஒரு கல்லும் இல்லாமல், சத்தமும் இல்லாமல், எட்டுக் கிலோ அளவுக்கு இறங்கி நின்றது. அந்த இழுப்பு அத்தனை சுத்தமாக வந்ததில், கடவுளே, எனக்குச் சிரிப்பு வந்தது.

பஸ்ஸிலிருந்து அவரை மாப்பிள்ளையும் சித்தப்பாவும் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வழியில் மயக்கம் வந்துவிட்டது, வெயில், காலையில் வெறும் வயிறு என்றார்கள். வெள்ளைச் சட்டை கொடியில் காயப்போட்டது போல அவர்மேல் தொங்கியது. இலை போட்டதும் முதலில் உட்கார்ந்தவர் அவர்தான், கடைசியில் எழுந்தவரும் அவர்தான். அப்படி ஒரு பசியை நான் பார்த்ததில்லை. கறியை அள்ளி அள்ளி வைத்தேன்.

"இப்படி ஒரு கறி தின்னு வருசக் கணக்காச்சுங், சம்மந்தி. பஞ்சாட்டம் இருக்குது" என்றார் அவர், மூக்கில் இழுத்து.

எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அப்பா தன் இலையிலிருந்து சொன்னார்: "கறியில பீடி வாசம் அடிக்குதே." யாரோ அவருக்கு ரசம் ஊற்றினார்கள்.

பங்குனியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்மந்திக்கு அதற்குப் பிறகு மூட்டை தூக்க முடியவில்லை. எட்டுக் கிலோவும் அவருக்குச் சதை இல்லை, தோளும் முதுகும்தான். ஐம்பது கிலோ மூட்டைக்குக் கீழே ஒரு நாள் மடங்கி உட்கார்ந்தவர் அப்புறம் திண்டில் சாய்ந்தே இருக்கிறார். வீட்டில் ஒரு கூலி குறைந்ததில் பிரவீணா அந்த ஊர்ப் பட்டறைக்குப் போக ஆரம்பித்தாள். எப்படித் தெரிந்ததோ, அவளுக்குத் தெரிந்துவிட்டது. நான் போன் போட்டால் எடுக்கிறாள், மூச்சு விடுகிறது கேட்கிறது, பேச மாட்டாள். வைத்துவிடுவாள். அவள் மாமனாருக்கு நடந்தது அவளுக்கு நடந்துவிடக் கூடாதல்லவா.

அப்புறம் தெருவும் பேச்சை நிறுத்தியது. நான் வருவது தெரிந்தால் குழாயடியில் குடம் மட்டும் பேசும். நல்லம்மாக்கா, ஊரில் யார் வேட்டி அவிழ்ந்தாலும் முதலில் வந்து சொல்கிறவள், என்னைக் கண்டதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் நிற்கிறார். கைக்குழந்தை அழுதால்கூட உள்ளே தூக்கிப் போய்க் கதவைச் சாத்துகிறார்கள். எனக்குப் புதுக் குரல் கிடைப்பதில்லை, பழைய குரல்கள் ஒவ்வொன்றாக மங்கிக்கொண்டு வருகின்றன. ஆபீசரின் மூக்கு போய்விட்டது, ஓனரின் ஏப்பம் போய்விட்டது, தொண்டையில் தேடினால் தறிச் சத்தம்தான் இருக்கிறது.

ஆடி வருகிறது. புது மாப்பிள்ளையை அழைத்துக் கறி போட வேண்டும். பலகையில் ஆயிரத்து ஐந்நூறு.

அம்மா மட்டும் பேசுகிறாள். இப்போது முப்பது கிலோ, ஜன்னலைத் திறந்தால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள், ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் பேச்சு நிற்பதில்லை. முன்னெல்லாம் இவ்வளவு பேசினவள் இல்லை. என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அரிசி களைவதை, கடுகு தாளிப்பதை, தான் கல்யாணமாகி வந்ததை, எதையாவது, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறாள்.

"ஆருக்கிட்டயும் எடுக்காத கண்ணு. பாவம் அவியெல்லாம். எடுத்தா என்றத எடு. மறந்துராத. எங்கே, கேளு: செங்கோடா, ஒரு கிலோ, சவ்வு வராமப் போடு…"

நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவள் என் கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாக, இன்னும் கொஞ்சம் தெளிவாக, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.